இரண்டாவது புள்ளி

மாடி வீட்டுப் பெண் போன வாரம் ஒரு சாயங்காலம் கையில் கடிதத்தோடு இறங்கி வந்தாள். எம்.எஸ்சி. மருந்து வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கடைசிப் பருவம் முழுவதும் ஹைதராபாத்தில் ஒரு மருந்து கம்பெனியின் ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் செய்ய இடம் கிடைத்திருக்கிறது. பின்னாலேயே அவள் அம்மாவும் வந்தாள்.

“ஆறு மாசம் அத்தை. கிளாஸே கிடையாதாம். படிச்சதெல்லாம் விட்டுப் போயிடாதா?”

அம்மாவுக்கு வேறு கவலை. “தெரியாத ஊரு, பாஷையும் தெரியாது. அங்க போய் நாள் பூரா சீசா கழுவச் சொன்னாங்கன்னா என்ன பண்றது அண்ணி?”

இரண்டுமே நியாயமான கேள்விகள். வாசலில் நின்றபடி பதில் சொல்லி முடிக்க என்னால் ஆகவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன். அவள் வயதில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் அதே ஊருக்குத்தான் போனேன். அதுவரை கல்லூரி ஆய்வகத்தில் நாங்கள் செய்தவை எல்லாம் நூறு ஆண்டுகளாக எல்லோரும் செய்து பார்த்த வினைகள். ஆஸ்பிரின் செய்வோம். உருகுநிலை 135 டிகிரி என்று புத்தகம் சொல்லும். எங்களுடையது 128-இல் உருகும். ரெக்கார்டில் 135 என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். யாரும் எங்களைக் கெட்ட பிள்ளைகள் என்று நினைக்கவில்லை. விடை முன்பே தெரிந்த கணக்குக்கு விடையை எழுதினோம், அவ்வளவுதான். அந்த ஏழு டிகிரி எங்கே போயிற்று என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கம்பெனியில் முதல் மாதக் கடைசியில் எனக்கு ஒரு வினை கொடுத்தார்கள். பிப்பரசின் என்ற வளையத்தோடு ஒரு குளோரைடைச் சேர்க்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு வினை முடிந்ததா என்று டி.எல்.சி. என்ற தகட்டுச் சோதனை போட்டேன். சிலிக்கா பூசிய அலுமினியத் தகட்டை விரலளவுக்கு வெட்டி, அடியில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயால் மூன்று பொட்டு வைத்தேன். இடது பக்கம் தொடக்கப்பொருள், வலது பக்கம் வினைக்கலவை, நடுவில் இரண்டும் சேர்ந்தது. தகட்டைக் கரைப்பானில் நிறுத்தினால் ஈரம் மெல்ல ஏறும். பொருள்கள் தம் தம் குணத்துக்கு ஏற்ற உயரத்தில் தங்கிவிடும். எடுத்துக் காயவைத்துப் புற ஊதா விளக்கின் கீழ் காட்டினேன். பச்சை ஒளிக்குள் கருப்பாக, கெட்டியாக ஒரு புள்ளி. நான் செய்த பொருள். ஆனந்தமாக இருந்தது. அதற்கு மேலே, இருக்கிறதா இல்லையா என்று கண் சுருக்கிப் பார்க்கும்படி, மங்கலாக இன்னொன்று.

எனக்கு வழிகாட்டியாக இருந்த மூத்த வேதியியலாளர் தகட்டை வாங்கிப் பார்த்தார். விருதுநகர்க்காரர். பெரிய புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“இது யாரும்மா?” என்றார், மங்கலான புள்ளியின் மேல் பென்சில் முனையை வைத்து.

“ரெண்டு பர்சென்ட் கூட இருக்காது சார்.”

“எவ்வளவுன்னு கேக்கல. யாருன்னு கேட்டேன்.”

அந்த ‘யார்’ என்ற சொல் எனக்கு மூன்று வாரம் வேலை வைத்தது. கலவையைப் பிரிக்கக் ‘காலம்’ (column) போட்டேன். கண்ணாடிக் குழாயில் சிலிக்காவை நிரப்பி, கரைப்பானை ஊற்றி ஊற்றி, சொட்டுச் சொட்டாகச் சோதனைக் குழாய்களில் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு. கால் கடுக்க நின்றும் முதல் தடவை அது முக்கியப் பொருளோடு கலந்தே இறங்கிவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. கரைப்பானின் விகிதத்தை மாற்றி மூன்றாம் தடவை போட்டபோதுதான் தனியே கிடைத்தது. குடுவையின் அடியில் நகக்கண் அளவுக்கு வெள்ளைப் படிவு.

மூலக்கூறின் எடையைச் சொல்லும் மாஸ் ரிப்போர்ட்டில் எடை எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். ஹைட்ரஜன்கள் இருக்கும் சூழலைக் காட்டும் என்.எம்.ஆர். தாளில் பிப்பரசினின் எட்டு ஹைட்ரஜனும் ஒன்றுபோல ஒரே சிகரமாக நின்றன. முடிச்சு அவிழ்ந்தது. பிப்பரசின் வளையத்தில் எதிரெதிராக இரண்டு நைட்ரஜன்கள் உண்டு. இரண்டு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் குளோரைடைப் பிடித்தால் எனக்கு வேண்டிய பொருள். சில மூலக்கூறுகள் இரண்டு கையாலும் பிடித்துவிட்டன. வகுப்பில் கரும்பலகையில் அம்புக்குறி ஒன்றுதான் போடுவார்கள். குடுவைக்குள் அம்புகள் பல பக்கம் பாய்கின்றன. யாரென்று தெரிந்ததும் வழியும் தெரிந்தது. பிப்பரசினைப் பல மடங்கு கூடுதலாக எடுத்தேன். ஒவ்வொரு குளோரைடுக்கும் காலிக் கைகள் ஏராளமாக இருந்தன. இரண்டாவது புள்ளி மறைந்தது.

மருந்து உலகில் ‘யார்’ என்ற இந்தக் கேள்விக்கு எண்ணிட்ட விதி இருக்கிறது. நாளொன்றுக்கு 2 கிராம் வரை உட்கொள்ளும் மருந்தின் மூலப்பொருளில், 0.10 சதவீதத்தையோ நாளுக்கு 1 மில்லிகிராமையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டும் ஒவ்வொரு மாசும் இன்னதென்று அடையாளம் காணப்பட வேண்டும். அதிநச்சுப் பொருள்களுக்கு அந்த அளவுகூடச் சலுகை இல்லை. நான் அலட்சியமாகச் சொன்ன இரண்டு சதவீதம், அந்த வரம்பைப் போல இருபது மடங்கு.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2018-இல் என் வீட்டுக்குள்ளேயே உணர்ந்தேன். அம்மாவுக்கு அப்போது ரத்த அழுத்தத்துக்கு வால்சார்டான் மாத்திரை. ஜூலை மாதம், பல நாடுகளில் வால்சார்டான் திரும்பப் பெறப்படுகிறது என்று செய்தி வந்தது. சீனாவில் அதன் மூலப்பொருளைச் செய்த ஓர் ஆலை, தயாரிப்பு முறையில் ஒரு படியை மாற்றியிருந்தது. வினையில் மிஞ்சும் அசைடை அழிக்க சோடியம் நைட்ரைட் சேர்த்தார்கள். கரைப்பானாக இருந்தது டைமெத்தில்ஃபார்மமைடு. அதிலிருந்து துளியளவு டைமெத்தில்அமின் பிரியும். அமிலத்தில் அதுவும் நைட்ரைட்டும் சந்தித்தால் என்.டி.எம்.ஏ. பிறக்கும். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருதப்படும் பொருள். பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு வைத்த வரம்பு நாளொன்றுக்கு 96 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோகிராம். அன்று இரவு மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, விடிய விடியத் தூங்காமல் கிடந்தேன். புது வழி சரியாக இருந்தது, பொருளும் கிடைத்தது. இன்னும் யார் யார் பிறக்கிறார்கள் என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

நம் ஊரிலேயே அதைவிடக் கொடிய ஒன்று நடந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து, 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. இது மங்கலான புள்ளியே அல்ல. சாதாரண டி.எல்.சி. தகட்டிலேயே பிடித்துவிடக்கூடிய நஞ்சு. அதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

மாசைத் தேடுவது மட்டும் மருந்து வேதியியல் ஆகிவிடாது. நல்ல மூலக்கூறுகளை உருவாக்குவதும் இதே கண்ணால்தான் நடக்கிறது. ஜேம்ஸ் பிளாக் தலைமையில் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் ஒரு கம்பெனி ஆய்வகம் வயிற்றுப்புண்ணுக்கு மருந்து தேடியது. மெட்டியமைடு கிடைத்தது, புண்ணும் ஆறியது. ஆனால் சில நோயாளிகளுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்தன. சிலருக்குத்தானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை. மூலக்கூறில் கந்தகம் இருந்த தயோயூரியா பகுதியின் மேல் சந்தேகம் விழுந்தது. அதை எடுத்துவிட்டு சயனோகுவனிடின் என்ற பகுதியை வைத்தார்கள். அதுதான் 1976-இல் விற்பனைக்கு வந்த சிமெட்டிடின். வயிற்றைக் கிழித்து அறுவை செய்ய வேண்டிய நிலையிலிருந்து எத்தனையோ பேரை அது காப்பாற்றியது. பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கண்ணை வகுப்பறையில் கொடுக்க முடியாதா? முடிந்தவரை கொடுக்கிறோம். நானே இன்று ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆனால் தவறினால் யாரோ ஒருவர் வயிற்றுக்குள் போய்ச் சேரும் என்ற பயம் கல்லூரிக் குடுவைக்கு இல்லை. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் மருந்து வேதியியல் பட்டப்படிப்பை நான்காண்டாகவும் நடத்தி, அதில் ஓராண்டைத் தொழிற்கூடத்துக்கே ஒதுக்குகின்றன. நம் பி.ஃபார்ம் பாடத்திட்டத்தில் ஏழாம் பருவத்தில் ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ என்று 150 மணி நேரம் வருகிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் மூன்று வாரம். என் ஒற்றைப் புள்ளிக்கே அவ்வளவு நாள் போயிற்று.

அதனால் கடைசிப் பருவம் முழுவதையும் தொழிற்கூடப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்கிறேன். போகும் பிள்ளைக்குக் கம்பெனி உதவித்தொகை தர வேண்டும். இல்லாவிட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வெளியூரில் ஆறு மாதம் தங்க முடியும். பணம் வாங்கிக்கொண்டு ப்ராஜெக்ட் அறிக்கையையும் சான்றிதழையும் கையில் கொடுத்து அனுப்பும் இடங்களைப் பல்கலைக்கழகங்கள் ஒரு நாளும் ஏற்கக் கூடாது. அங்கே வாங்கும் தாள் அந்த 135 டிகிரி போன்றதுதான். மாதம் ஒரு முறையாவது கல்லூரி ஆசிரியர் நேரில் போய், பிள்ளை என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அம்மாக்காரியிடம் சொன்னேன்: சீசா கழுவத்தான் சொல்வார்கள். நானும் முதல் வாரம் முழுக்கக் கழுவினேன். போன வினையின் மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்த வினையில் அதுவும் ஒரு புள்ளியாக வந்து நிற்கும். கழுவுவதும் பாடம்தான். இரண்டாம் மாதமும் அதையே செய்யச் சொன்னால் எனக்கு ஒரு போன் போடு.

மகளிடம் சொன்னேன்: படித்தது எதுவும் விட்டுப் போகாது. கரும்பலகையில் ஒற்றை அம்பாகப் பார்த்ததைப் பல அம்பாகப் பார்த்துவிட்டு வருவாய்.

ஞாயிற்றுக்கிழமை சார்மினார் எக்ஸ்பிரஸில் கிளம்புகிறாள். கடைத்தெருவில் அவளுக்கு ஒரு பென்சிலும் ஒரு பேனாவும் வாங்கி வைத்திருக்கிறேன். தகட்டில் கோடு கிழிக்கப் பென்சில். மையால் கிழித்தால் கரைப்பானோடு சேர்ந்து மையும் மேலே ஏறி, இல்லாத புள்ளியைக் காட்டும். ஆய்வக நோட்டில் எழுதப் பேனா. அங்கே எதையும் அழிக்கக் கூடாது. தப்பாகப் போனதைப் படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவளுடைய ஆஸ்பிரின் 128-இல் உருகினால், அந்தப் பேனாவால் 128 என்றே எழுதட்டும்.