பணவீக்கம் குறைஞ்சா பால்கோவா விலை ஏன் குறையல?

'பணவீக்கம் குறைந்தது'ன்னு செய்தி வந்தா, அப்போ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விலை ஏன் இறங்கலைன்னு பொங்குறாங்க மக்கள். இதுல என்னோட இன்ஜினியரிங் படிச்ச கூட்டாளிகளும் அடக்கம்!

2022 ஏப்ரலில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம். 2023 ஏப்ரலில் 4.70. குறைஞ்சது விலை இல்லைங்க, விலை ஏறுற வேகம். 100 ரூபாய்க்கு வாங்கின சாமான் அந்த ஒரு வருஷத்துல சராசரியா 104 ரூபாய் 70 காசு ஆச்சு. வகைக்கெழு மிகை எண்ணா இருக்கிற வரைக்கும் சார்பு ஏறத்தான் செய்யும். வகைக்கெழு குறைஞ்சா மெதுவா ஏறும், அவ்வளவுதான். ராஜபாளையத்துல கிளம்பின பஸ் 60 கிலோமீட்டர் வேகத்துலேர்ந்து 40-க்கு வந்துட்டா, திரும்பி ராஜபாளையத்துக்கா போகுது? ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தானே போகுது!

இந்த அர்த்தத்தை விட்டுட்டு 'மிகைன்னா ஏறும், குறைன்னா இறங்கும், பூச்சியம்னா உச்சம்'னு பிளஸ் டூ பசங்களை நெட்டுரு போட வைக்கிற டியூஷன்களைப் பார்த்தா எனக்கு எரியுது. அதுல கடைசி வரி தப்பு வேற. எக்ஸ் கியூபுக்கு பூச்சியத்துல வகைக்கெழு பூச்சியம்தான். ஆனா அங்கே உச்சமும் இல்ல, பள்ளமும் இல்ல, ஏறிக்கிட்டேதான் இருக்கு.

மார்க் வரும், சரி. 'விலைவாசியைக் குறைச்சுட்டோம்'னு மேடையில சொன்னா கைதட்டுற கூட்டமும் இங்கிருந்துதான் வருது. கணக்கு எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு என் பதில்: ஏமாறாம இருக்க. நீங்க என்ன சொல்றீங்க?