வக்காலத்தை மறுப்பது வீரமா?

கொடூரக் குற்றத்தில் கைதானவனுக்கு எந்த வழக்கறிஞரும் ஆஜராகக் கூடாதாம். ஆஜராகிறவர் குற்றத்துக்கே உடந்தையாம். மூத்த வழக்கறிஞர் ஒருவர் மேடைக்கு மேடை இப்படிப் பேசி வருகிறார். கட்சிப் பிரமுகர்கள் கைதட்டுகிறார்கள். கறுப்பு அங்கி போட்டவர் வாயிலிருந்து வரக் கூடாத பேச்சு இது.

கோவையில் வழக்கறிஞர்களுக்கும் போலீசாருக்கும் நடந்த மோதலுக்குப் பிறகு, வழக்கில் சிக்கிய போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தகைய தீர்மானங்கள் எல்லாமே செல்லாது, அரசியல் சட்டத்துக்கும் தொழில் நெறிக்கும் விரோதமானவை என்று தீர்ப்பளித்தது. கைதானவர் தனக்கு விருப்பமான வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்தின் 22(1) பிரிவு தருகிறது. இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தே மக்களிடம் மறைக்கிறார்.

“குற்றம்தான் கண்கூடாகத் தெரிகிறதே” என்கிறார். யார் கண்ணுக்கு? ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. நாடே அதை நியாயம் என்றது. அந்தத் தூக்குக் கைதிகளுக்காக மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 1999 மே மாதம் 19 பேர் விடுதலையானார்கள். இவர் சொல்வதுபோல் அன்று எல்லோரும் ஒதுங்கியிருந்தால் அந்த 19 பேரின் கதி என்ன?

விசாரணை நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். கத்தியைப் புதரிலிருந்து எடுத்ததாகப் பறிமுதல் மகஜர் சொல்லும். சாட்சி கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார்: “இந்தக் கையெழுத்தை எங்கே போட்டீர்கள்?” சாட்சி அரசு வழக்கறிஞரை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஸ்டேஷன்ல” என்பார். அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாத நீதிமன்றம்தான் இவர் கேட்பது. அங்கே போலீஸ் எழுதியதே தீர்ப்பு.

பாதிக்கப்பட்டவர்களின் பெயரைச் சொல்லி அவர் வாதாடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மத்தியப் பிரதேசத்தின் கண்டவாவில் ஒரு சிறுமி கொலை வழக்கு. 2013இல் சட்ட உதவி வழக்கறிஞரை நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனைந்து, இரண்டே வாரத்தில் தூக்கு விதித்தார்கள். தற்காப்புக்கு உரிய அவகாசம் தரப்படவில்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. முதல் நாளிலேயே தயாரிப்புக்கு நேரம் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பம் இத்தனை ஆண்டு நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டியிருக்குமா? எதிர்த்தரப்பு ஒழுங்காக நடத்தாத வழக்கில் கிடைக்கும் தண்டனை மேல்முறையீட்டில் நிற்காது. பெற்றோருக்கு இவர் வாங்கித் தரப் பார்ப்பது அந்த மாதிரித் தண்டனைதான்.

சென்னை அயனாவரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2018இல் சிறுமியைச் சீரழித்த வழக்கில் கைதான 17 பேரையும் நீதிமன்ற வளாகத்திலேயே வழக்கறிஞர்கள் அடித்தார்கள். ஆஜராக மாட்டோம் என்ற அறிவிப்பும் வந்தது. அடித்த கை எதை நிரூபித்தது? விசாரணை முறைப்படி நடந்து, 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஒருவர் விசாரணைக் காலத்திலேயே இறந்துவிட்டார். இன்னொருவர் விடுதலையானார். அடி வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அரசியல்வாதிகளுக்கு இந்தத் தீர்மானங்கள் ஏன் இனிக்கின்றன என்பதும் தெரிந்ததுதான். புகாரை வாங்காமல் அலைக்கழித்த இன்ஸ்பெக்டர் யார், தடய அறிக்கை ஏன் மாதக்கணக்கில் வரவில்லை, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இழப்பீடு எங்கே என்ற கேள்விகள் எல்லாம் ஒரே தீர்மானத்தில் அமுங்கிவிடும். மாவட்டச் செயலாளர் பேட்டி கொடுப்பார், சங்கத் தலைவருக்குச் சால்வை விழும், அடுத்த தேர்தலுக்கு வேலை நடக்கும். அதற்கு மேடை போட்டுக் கொடுக்கத்தான் இந்த மூத்தவர் தன் அனுபவத்தைச் செலவிடுகிறார்.

இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சங்கப் பொதுக்குழுவில் இப்படியொரு தீர்மானம் வந்தால் எழுந்து நின்று எதிர்த்து வாக்களியுங்கள். தீர்மானம் நிறைவேறினாலும், கைதானவர் கேட்டால் வக்காலத்துப் போடுங்கள். சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.