கடைசி வண்டிக்குப் பின்னால்

மணாலியிலிருந்து லே நகருக்குப் போகும் சாலையில், சந்திரா நதியும் பாகா நதியும் கலக்கும் இடத்தில் தாண்டி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே உள்ள பெட்ரோல் பங்கின் பலகை பல ஆண்டுகளாகப் பயணிகளுக்குச் சொல்லிவந்த செய்தி, அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்பதுதான். இடையில் பரலாச்சா, லாச்சுலுங், தங்லங் என்று வரிசையாகக் கணவாய்கள். கடைசியாக வருவது 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. வழியில் பெரும்பாலும் செல்போனில் சிக்னல் கிடையாது, மெக்கானிக் கடையும் கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நண்பர்கள் கூட்டம் கூட்டமாக பைக்கில் ஏறி இந்தச் சாலைக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களும் நிறைய. ஓட்டிப்போகிற வண்டியே பெரும்பாலும் நம்மூர் வண்டிதான். எல்லைக் காவலுக்காக ராணுவம் கேட்டு வாங்கிய புல்லட்டை இங்கேயே தயாரிக்க, 1955இல் இங்கிலாந்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்ததில் வளர்ந்தது திருவொற்றியூர்த் தொழிற்சாலை. ‘ஹிமாலயன்’ என்று பெயர் வைத்த வண்டியும் பனியைப் பார்ப்பதற்கு முன் ஒரகடத்து வெயிலைப் பார்த்துவிட்டுத்தான் போகிறது. போய்த் திரும்பியவர்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: “மனுஷங்கன்னா அங்க இருக்கறவங்கதான். முன்னப்பின்ன தெரியாதவனுக்கு எப்படி உதவுறாங்க!” இது உண்மைதான். ஆனால் இந்த உண்மையில் பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

முதலில், பார்த்த பாதி. அந்தச் சாலையில் ஒரு பைக் ஓரமாக நின்றிருந்தால், வருகிற எந்த வண்டியும் வேகம் குறைக்காமல் போகாது. கட்டை விரலை உயர்த்தி “ஓகேவா?” என்று கேட்டுவிட்டுத்தான் கடக்கும். கிளட்ச் கேபிள் அறுந்தவனுக்கு இன்னொருவனுடைய உபரி கேபிள் கிடைக்கும். பெட்ரோல் தீர்ந்தவனுக்கு யாரோ ஒருவர் தன் டேங்கில் குழாயை விட்டு இரண்டு லிட்டர் உறிஞ்சித் தருவார். இதே ஆள் சென்னை–திண்டிவனம் சாலையில் நின்றுபோன வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறவர்தான். மலை ஏறியதும் அவர் மனம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது, மாறியது நிலைமை. கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதியைவிடச் சற்றே அதிகம்தான் 5,000 மீட்டரில் கிடைக்கிறது. தலைவலியும் வாந்தியுமாகப் படுத்துவிட்டால் உடனே கீழே இறக்கியாக வேண்டும், அதற்கு யாராவது கை கொடுத்தால்தான் முடியும். இன்று அவனுக்கு நடந்தது நாளைக் காலை எனக்கு நடக்கலாம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது. கல்யாண வீட்டு மொய்தான் இது, நோட்டுப் போட்டு எழுதுவதில்லை, அவ்வளவுதான். இங்கே செய்ததை வாங்கியவனே திருப்பிச் செய்ய வேண்டுமென்பதில்லை, வேறொரு வளைவில் வேறொருவன் செய்துவிடுவான். இதைச் சொல்வதால் அந்த உதவி மட்டமாகிவிடாது. மொய் இல்லாவிட்டால் எத்தனையோ கல்யாணம் நடந்தே இருக்காது. ஆனால் மொய்யைத் தர்மம் என்று யாரும் சொல்வதில்லை. பைக்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வதை மனிதநேயத்தின் உச்சம் என்று காணொளி போடும்போதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

நண்பர்களாகச் சேர்ந்து போவதில் ஓர் அருமையான ஒழுங்கு இருக்கிறது. முன்னால் வழி தெரிந்தவர் ஒருவர், கடைசியில் வண்டி வேலை தெரிந்தவர் ஒருவர். முதலுதவிப் பெட்டியும் பஞ்சர் கிட்டும் அந்தக் கடைசி வண்டியில்தான் இருக்கும். திருப்பம் வந்தால், பின்னால் வருகிறவர் கண்ணாடியில் தெரியும்வரை முன்னவர் நிற்க வேண்டும். கடைசி வண்டி ஒருபோதும் யாரையும் முந்தக் கூடாது. யாரையும் விட்டுவிடாமல் போய்ச்சேர மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளில் இதைவிட எளிமையானதை நான் அறியேன். ஆனால் இதே ஒழுங்கு ஒரு மதிலாகவும் மாறிவிடுகிறது. பத்துப் பேர் சேர்ந்து போனால் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டாம், வழி கேட்க வேண்டாம், கூடவே ஊறுகாயும் பருப்புப் பொடியும் வந்துவிடுகின்றன. தனியாகப் போகிறவனிடம் டாபாக்காரர் உட்கார்ந்து கதை பேசுவார், பத்துப் பேர் கூட்டத்துக்கு ஆர்டர் எடுக்கவே அவருக்கு நேரம் போதாது. கடைசி வண்டிக்காரரின் பொறுப்பு தனக்கு முன்னால் போகிறவர்கள்தான். அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை.

பின்னால் இருக்கிறவர்கள் சாலை போடுகிறவர்கள். எல்லைச் சாலைகள் அமைப்பு 1960இல் தொடங்கியது, லடாக்குக்கென அதன் ‘ஹிமாங்க்’ பிரிவு வந்தது 1985இல். பனிக்காலத்தில் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் இந்தச் சாலை ஒவ்வொரு கோடையிலும் ஏறக்குறைய மறுபடி பிறக்கிறது. பனியை வெட்டி, சரிந்த பாறையை அகற்றி, அடித்துச் செல்லப்பட்ட இடத்தில் கல் நிரப்பித் தார் போட வேண்டும். அதைச் செய்கிறவர்களில் கணிசமானோர் ஜார்க்கண்டின் சந்தால் பர்கானா பகுதியிலிருந்து, குறிப்பாக தும்கா மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள். பீகாரிகளும் நேபாளிகளும் உண்டு. சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள், அந்த உயரமும் குளிரும் நமக்கு எவ்வளவு அந்நியமோ அவ்வளவு அந்நியம் அவர்களுக்கும். சாலையோரத்தில் அவர்களைப் பார்க்கலாம். அடியில் நெருப்பு எரியும் டிரம்மில் தார் கொதிக்கிறது. பக்கத்தில் நிற்பவரின் முகம் முழுக்கத் துணி சுற்றியிருக்கிறது, கண் மட்டும் தெரிகிறது, அந்தக் கண்ணும் புகையில் சிவந்திருக்கிறது. சுத்தியலால் ஜல்லி உடைக்கிற பெண்கள் காலில் ரப்பர் பூட்ஸ். வண்டி கடந்தால் பறக்கும் புழுதி நேராக அவர்கள் மேல்தான் போய் இறங்கும்.

சாலையைக் குறுக்கே வெட்டிப்போகும் ஓடைகளில், மொய்க் கணக்குக்கு வெளியே நிற்பது யார் என்பது இன்னும் தெளிவாகத் தெரியும். விடியற்காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருகத் தொடங்கியதும் பிற்பகலில் முழங்காலைத் தொடும். தாமதமாக வந்து சேரும் பைக் நடு ஓடையில் உருண்டைக் கல்லில் சறுக்கி நிற்கும். கரையில் நிற்கும் நண்பர்களில் இருவர் ஷூவைக் கழற்றலாமா என்று யோசிப்பார்கள், ஒருவர் வீடியோ எடுப்பார். அதற்குள் அருகில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளி ஒருவர் ஐஸ் தண்ணீரில் இறங்கி வந்து பின்னாலிருந்து தள்ளுவார். எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று அவருக்குத் தெரியும். காலையில் அதைப் போட்டதே அவர்தானே. அவரிடம் பைக் இல்லை. நாளை அவர் வண்டி நின்று நாம் தள்ளப்போவதும் இல்லை. நாம் திரும்ப அந்த வழியே வரமாட்டோம் என்றும் அவருக்குத் தெரியும். எந்த மொய்க் கணக்கிலும் சேராத உதவி இது. மறுகரை ஏறியதும் நண்பர்கள் கட்டை விரல் உயர்த்தி ஆரவாரம் செய்கிறார்கள், பெரும்பாலும் தங்களுக்குள்.

சாலையில் காட்டா வளைவுகள் என்று ஓரிடம் உண்டு. 21 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே சிறு கோயில் போல ஒன்று இருக்கிறது. பனியில் லாரி நின்றுபோய், டிரைவர் உதவி தேடிப் போக, உடம்பு முடியாமல் வண்டியோடு இருந்த கிளீனர் தண்ணீர்கூட இல்லாமல் இறந்துபோனதாகக் கதை. அவன் ஆவி போகிறவர்களிடம் தண்ணீர் கேட்கும் என்று நம்புகிறார்கள். அதனால் வருகிறவர்கள் மினரல் வாட்டர் பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள், பீடி, சிகரெட்டும் வைக்கிறார்கள். மலைச்சரிவில் பாட்டில் குவிந்துகிடக்கிறது. இந்த வழக்கத்தைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. செத்துப்போன ஓர் அந்நியனின் தாகத்தை நினைத்து நிற்பது நல்ல மனம்தான். ஆனால் அதே சாலையில் கொஞ்ச தூரம் தள்ளி, ஜல்லி கொட்டிக்கொண்டிருப்பவர் கட்டை விரலை வாயருகே கொண்டுபோய்த் தண்ணீர் இருக்கிறதா என்று சைகை காட்டினால், ‘நிறுத்தினால் ரிதம் போய்விடும்’ என்று கடந்துபோகிறவர்கள் அதிகம். இறந்த கிளீனர் ஒரு கதையாகிவிட்டதால் அவருக்குத் தண்ணீர் கிடைக்கிறது. உயிரோடு இருக்கிற தொழிலாளிக்குக் கதை இல்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் நிறுத்தி எதையாவது கொடுத்துக்கொண்டே போனால் பிச்சைக்குப் பழக்கிவிடுவோம் என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் சாக்லேட் எறிந்து பழக்கிய ஊர்களில் குழந்தைகள் பள்ளி போகும் வழியில் கை நீட்டி நிற்பதை மலைப்பகுதிகளில் பார்க்க முடிகிறது. கொடுப்பவருக்குப் படம் கிடைக்கிறது, குழந்தைக்குப் பல் சொத்தை. ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும் பெரியவருக்குத் தண்ணீர் தருவதைத் தர்மக் கணக்கில் சேர்ப்பது தவறு, நம் தெருவில் குழி வெட்டுகிறவருக்குச் சொம்பு நீட்டுகிற சாதாரண நடத்தைதான் அது. அதைவிட முக்கியமானது காசு செலவில்லாதது: வேலை நடக்கும் இடத்தில் வேகத்தைக் குறைப்பது. ஜல்லி தெறித்துக் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரி பல மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஹெல்மெட், ஜாக்கெட், முழங்கால் காப்பு என்று தன் உடம்புக்கு இவ்வளவு செய்துகொண்டவர், அருகில் நிற்கும் காப்பில்லாத முகத்துக்காக ஒரு கியர் இறக்கினால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு வாதம், நாங்கள் போவதால்தானே அந்த மக்களுக்குப் பிழைப்பு என்பது. 2011 கணக்கெடுப்பில் லடாக்கின் மக்கள்தொகை 2.74 லட்சம். 2022இல் அங்கே போன சுற்றுலாப் பயணிகள் 5 லட்சத்துக்கும் மேல். பணம் போகிறது, சந்தேகமில்லை. யாருக்குப் போகிறது என்பதில்தான் தகராறு. வெளியூரில் வாடகைக்கு எடுத்த பைக்கை லேயைத் தாண்டி நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரிப் பக்கம் ஓட்டக் கூடாது, உள்ளூரில்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று லே வண்டிக்காரர்கள் சங்கம் வைத்து நிற்கிறார்கள். பயணிகள் இதைக் கொள்ளை என்று திட்டுகிறார்கள். வழியில் மறித்து மிரட்டுவது தப்புதான். ஆனாலும் வருடத்தில் நாலைந்து மாதமே வருமானம் உள்ள ஊரில், கோரிக்கை என்னவோ நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. உள்ளூர்க்காரர் விருந்தோம்பலோடு இருக்க வேண்டும், ஆனால் தன் பிழைப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று எதிர்பார்ப்பது விருந்தாளியின் லட்சணமில்லை. பழைய ராணுவப் பாராசூட்டைக் கூரையாக விரித்த கூடாரங்களில் டீயும் மேகியும் ரஜாய்ப் போர்வையும் கிடைக்கின்றன. சமயத்தில் பனி பெய்து சாலை அடைபட்டால் கூட்டம் கூட்டமாக ஆட்களை உள்ளே சேர்த்துக்கொள்வதும் அவைதான். அந்த கேஸ் சிலிண்டர் எவ்வளவு தூரம் லாரியில் ஏறி வந்தது என்று தெரிந்தும், லட்சங்களில் விலை போகும் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு மேகிக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தொழிலாளிகளைப் பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் வேலை, ஊர்சுற்ற வந்தவனை ஏன் குற்றவாளி ஆக்குகிறீர்கள் என்பது எல்லாவற்றையும்விட வலுவான கேள்வி. அரசாங்கத்தின் வேலைதான், மறுக்கவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் 2020 ஊரடங்கில் கார்கில் பக்கம் மாட்டிக்கொண்ட 60 ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் மே 29 அன்று விமானத்தில் ராஞ்சி கொண்டுவரப்பட்ட பிறகுதான், இப்படி ஒரு கூட்டம் அங்கே வேலை செய்கிறது என்பது நாட்டில் பலருக்குத் தெரிந்தது. அடுத்த மாதமே சாலை வேலைக்கு மறுபடி ஆள் தேவைப்பட்டது. அப்போது ஜார்க்கண்ட் அரசு, இடைத்தரகர்கள் கூலியில் கை வைக்கக் கூடாது, பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்று பேசி நிபந்தனை போட்ட பிறகு தும்காவிலிருந்து சிறப்பு ரயில் கிளம்பியது. பத்தாண்டுகளுக்கு மேலாக லட்சக்கணக்கானோர் கேமராவோடு அவர்களைக் கடந்து போயிருக்கிறார்கள். டயரில் எவ்வளவு காற்று வைக்கலாம், எந்த லென்ஸில் பாங்காங் நீலமாக வரும் என்று மணிக்கணக்கில் பேசும் காணொளிகளில், அந்தத் தாரைக் கொட்டியவரின் நாள் கூலி என்ன என்று கேட்டவை அபூர்வம். அரசாங்கம் எதைக் கவனிக்கும் என்பது, ஜனங்கள் எதைப் பார்த்தேன் என்று சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது.

இதற்காகப் பயணத்தையே விட்டுவிட வேண்டியதில்லை. நண்பர்களோடு அந்தச் சாலையில் போவதைப் போல ஒரு சந்தோஷம் இந்த நாட்டில் அதிகம் இல்லை, போகட்டும். ஆனால் அங்கே முகம் தெரியாதவர் காட்டிய அன்பைப் பற்றி ஊர் திரும்பிப் பேசுகிறவர், ஊரிலும் கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம். ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் சென்னையில் பாலம் கட்டுகிறார்கள், ஒரகடம் பக்கம் தகரக் கொட்டகைகளில் தங்கித் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். நம்மூரில் அவர்களைத் தாக்குவதாக 2023 மார்ச்சில் பரவிய காணொளிகள் பொய் என்று தெரியவந்தது. ஆனாலும் அது பொய் என்று நம்புவதற்கு அவர்களுக்கு நம்மில் எத்தனை பேரைத் தெரிந்திருந்தது என்பது வேறு விஷயம். மலையில் வழி கேட்கவும் தண்ணீர் கேட்கவும் நன்றி சொல்லவும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட பத்து ஹிந்தி வார்த்தைகள், ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாப்பிலும் செல்லும்.