கலாசாலை வாசலில் துப்பாக்கி வேண்டாம்
மங்கலம்பேட்டை வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் உள்ள இந்த ஊரிலும் இதைச் சுற்றிய கிராமங்களிலும் வசித்துவரும் நாங்கள் யாவரும் சாமானிய மனிதர்கள். எங்களில் சிலர் பள்ளிக்கூடத்து உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சிலர் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளின் வெக்கையிலே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள். மற்றப் பெரும்பாலோர், பிள்ளைகளைக் கொளஞ்சியப்பர் கல்லூரிக்கும் சிதம்பரத்துக்கும் சென்னைக்கும் படிக்க அனுப்பிவிட்டு, இரவு எட்டு மணிக்கு வரவேண்டிய போன் எட்டரைக்கும் வராமற்போனால் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிற தாய் தந்தையர். எந்தக் கட்சியின் பேராலும் நாங்கள் எழுதவில்லை. எங்கள் மனத்தைச் சில மாதங்களாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு பேச்சைப் பற்றி உங்களிடம் மனம்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதே இவ்விண்ணப்பத்தின் நோக்கம்.

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்து வளாகத்துக்குள்ளேயே, அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் அந்நியனால் மாணவி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையும், அடுத்த ஜூனில் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்ததும் நீங்கள் அறிந்தவையே. அது முதற்கொண்டு டீக்கடைப் பெஞ்சுகளிலும் கல்யாண வீட்டுப் பந்தல்களிலும் ஒரு யோசனை அடிபட்டு வருகிறது. கல்லூரி வாசல்தோறும் துப்பாக்கி ஏந்திய காவலாளியை நிறுத்த வேண்டும் என்கிறார் ஒருவர். அது போதாது, அமெரிக்காவில் மாணவர்களே இடுப்பில் செருகிக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்களாமே, நம் பெண்பிள்ளைகளுக்கும் லைசென்ஸ் கொடுத்தால் என்ன என்கிறார் இன்னொருவர். இதைச் சொல்பவர்கள் போக்கிரிகள் அல்லர். பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள். அவர்களுடைய பயத்தைப் பரிகசிக்க எங்களுக்கு உரிமையில்லை, ஏனென்றால் அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. ஆயினும் அந்தப் பயத்துக்கு மருந்தாக அவர்கள் நாடும் வஸ்து எத்தகையது என்பதை, அதன் சத்தத்தை இந்த ஜில்லாவிலேயே கேட்டறிந்த தலைமுறை இன்னும் முற்றிலும் மறைந்துவிடாத இக்காலத்தில், சொல்லாமலிருப்பது தர்மமாகாது.

1965 ஜனவரி 26-ஆம் தேதி ஹிந்தி இந்நாட்டின் ஆட்சிமொழியாக அரியணை ஏறும் என்றிருந்த அந்த வாரத்திலே, ராஜ்யம் முழுவதும் மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். மறுநாள் 27-ஆம் தேதி, நம் ஜில்லாவில் சிதம்பரத்திலே உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டபோது போலீஸார் சுட்டார்கள். ராஜேந்திரன் என்ற மாணவர் மாண்டார். அவருடைய சிலை இன்று பல்கலைக்கழகத்து முகப்பில் நிற்கிறது. பிள்ளையைச் சேர்க்கப் போன நம்மில் எத்தனையோ பேர், விண்ணப்பத் தாளும் சர்டிபிகேட்டுமாக, அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறோம். மொழிப் பிரச்சினையில் அன்றைய பக்தவத்சலம் சர்க்கார் செய்தது சரியா, தவறா என்ற விவாதத்துக்கு நாங்கள் இங்கே வரவில்லை. அந்தத் துப்பாக்கிகள் திருடர் கையில் இருக்கவில்லை, பைத்தியக்காரர் கையிலும் இருக்கவில்லை. சட்டப்படி கொடுக்கப்பட்டு, முறைப்படி பழக்கப்பட்டு, அதிகாரியின் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட கைகளில் இருந்தன. பாதுகாப்பின் நிமித்தம் வளாகத்து வாசலுக்கு வந்த துப்பாக்கி, படிக்க வந்த பிள்ளையையே சுட்டது என்பதுதான் நம் ஜில்லாவின் சரித்திரம்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. 2008 நவம்பர் 12-ஆம் தேதி சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் மாணவர்களே மாணவர்களைக் கட்டையாலும் கம்பியாலும் விழுந்தவர் எழாதபடி அடித்ததை, வாசலில் நின்ற போலீஸார் பார்த்துக்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சி நாடெங்கும் காட்டிற்று. அங்கே ஆயுதத்துக்கா பஞ்சம்? சீருடைக்கா பஞ்சம்? குறுக்கே விழுந்து தடுக்க ஓர் ஆள் இல்லை. ஒரு நாள் சுட்டார்கள், இன்னொரு நாள் வேடிக்கை பார்த்தார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, அடிக்கிறவனுக்கும் அடிபடுகிறவனுக்கும் இடையில் வந்து நிற்கும் ஒரு மனிதரைத்தான் நாம் கலாசாலைகளில் கேட்க வேண்டியிருக்கிறது என்பது எங்கள் தாழ்மையான அபிப்பிராயம்.

அமெரிக்காவைப் பற்றிப் பேச்செடுத்தவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறோம். 1966 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்து மணிக்கூண்டின் மேலேறிய பொறியியல் மாணவன் ஒருவன், கீழே நடந்தவர்களைக் கண்மூடித்தனமாகச் சுட்டுப் பத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றான். அதே டெக்ஸாஸில், இருபத்தொரு வயது நிரம்பி உரிமம் பெற்றவர்கள் மறைவாகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு சர்க்கார் பல்கலைக்கழகங்களுக்குள் வரலாம் என்ற சட்டம், சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்ட் 1-ஆம் தேதியே அமலுக்கு வந்தது. தேதியைப் பார்த்து வைத்தார்களா, தற்செயலாக அமைந்ததா என்பது ஒருபுறமிருக்க, பெற்றெடுத்து வளர்த்த நமக்கு அது கேட்கவே சகிக்கவில்லை. மாணவர்கள் துப்பாக்கியுடன் அமர்ந்திருக்கும் வகுப்பில் தர்க்கத்துக்குரிய விஷயங்களை அச்சமின்றிப் போதிக்க இயலாது என்று மூன்று பேராசிரியைகள் நீதிமன்றம் சென்றார்கள், வழக்கு தள்ளுபடியாயிற்று. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இஷ்டம்போல் விலகிக்கொள்ளச் சட்டத்திலேயே இடமிருந்தது. அநேகமாக எல்லாமே விலகிக்கொண்டன.

அச்சட்டத்தை ஆதரிப்பவர்கள் பெரிதும் எடுத்துக்காட்டுவது, 2007 ஏப்ரல் 16-ஆம் தேதி வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில், இரண்டு கைத்துப்பாக்கிகளுடன் வந்த மாணவன் ஒருவன் 32 பேரைக் கொன்றதை. அந்த முப்பத்திருவரில் ஒருவர் நம்மவர். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிப்பாளையத்தில் பிறந்து, கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. கல்லூரியில் பொறியியல் பயின்று, அங்கே போய் நீரியல் போதித்துவந்த பேராசிரியர் லோகநாதன், பாடம் நடத்திக்கொண்டிருக்கையிலேயே சுடப்பட்டு இறந்தார். அவரிடமோ அவருடைய மாணவர் ஒருவரிடமோ துப்பாக்கி இருந்திருந்தால் என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி இயல்பானது, அதை அலட்சியமாகத் தள்ள மாட்டோம். ஆனால் அதே கட்டடத்தில் வேறொரு வகுப்பிலே, ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பிப் பிழைத்தவரான லிவியூ லிப்ரெஸ்கு என்ற எழுபத்தாறு வயதுப் பேராசிரியர், வெறுங்கையோடு கதவைத் தம் உடம்பால் தாங்கிப் பிடித்து, மாணவர்களை ஜன்னல் வழியே குதித்தோடச் சொல்லி, தாம் மாண்டார். அவருடைய மாணவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

மறுபக்கத்து சாட்சியத்தையும் மறைக்கலாகாது. 2014 டிசம்பரில் பெஷாவர் பள்ளிப் படுகொலை நடந்த பிறகு, பாகிஸ்தானத்தின் அந்த மாகாணத்து சர்க்கார் ஆசிரியர்கள் ஆயுதம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. 2016 ஜனவரி 20-ஆம் தேதி சார்சத்தாவிலுள்ள பாச்சா கான் பல்கலைக்கழகத்தில் பயங்கரவாதிகள் புகுந்தபோது, சையது ஹமீது ஹுசைன் என்ற ரசாயன உதவிப் பேராசிரியர் தம் கைத்துப்பாக்கியால் அவர்களை எதிர்த்துச் சுட்டு, மாணவர்கள் தப்பியோட அவகாசம் தேடிக்கொடுத்துவிட்டு உயிர் துறந்தார். அந்த மகானுக்கு எங்கள் நமஸ்காரம். அஹிம்சையே உருவான எல்லைக் காந்தியின் பெயர் தாங்கிய ஸ்தாபனத்தில் இது நடக்க வேண்டியிருந்ததே என்ற துக்கமும் உண்டு. அதற்கு ஆறு மாதம் முன்னதாக, 2015 ஜூலையில், அதே மாகாணத்து ஸ்வாத் பகுதியில், ஆசிரியர் ஒருவருடைய துப்பாக்கி பள்ளிக்கூடத்திலேயே கைதவறி வெடித்துப் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் இறந்தான். யுத்தபூமியாகிவிட்ட ஒரு நாட்டில் முதல் நிகழ்ச்சிக்கு ஒரு தேவை இருந்திருக்கலாம். யுத்தம் இல்லாத நம் ஊரில் அந்தத் தேவை வராது. கைதவறுதல் மட்டும் வரும்.

வரும் என்று ஊகத்தில் சொல்லவில்லை. 2011 ஜூலை 3-ஆம் தேதி சென்னையில், ராணுவ அதிகாரிகளின் குடியிருப்பு மதிலுக்குள் பாதாம் கொட்டை பொறுக்கப் புகுந்த பதின்மூன்று வயதுப் பையனை, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்றார். ஆயுள் தண்டனையும் பெற்றார். 2021 டிசம்பர் 30-ஆம் தேதி புதுக்கோட்டை ஜில்லா நார்த்தாமலையில், மத்தியப் படையினரின் பயிற்சித் தளத்திலிருந்து திசைதவறி வந்த குண்டு, பாட்டனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினோரு வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. நான்கு நாட்களில் அவனும் போய்விட்டான். இவ்விரு துப்பாக்கிகளும் பயின்ற கைகளில் இருந்தவை. வடக்கே 2007 டிசம்பரில் குர்கானில் இரண்டு பள்ளி மாணவர்கள் சக மாணவனையும், 2018 ஜனவரியில் யமுனாநகரில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் தன் தலைமையாசிரியையையும் சுட்டுக் கொன்றது, கள்ளச் சந்தையில் வாங்கிய ஆயுதத்தால் அன்று. தகப்பன் முறைப்படி உரிமம் வாங்கி வீட்டில் வைத்திருந்த ஆயுதத்தால். களிமண்ணாக இருக்கும்வரை பாண்டத்தின் கோணலைத் திருத்தலாம், சூளையில் ஏறிவிட்டால் திருத்த முடியாது என்பது எங்கள் பீங்கான் தொழிலாளி நண்பர்களுக்குத் தெரியும். பதினேழு, பதினெட்டு வயது என்பது இன்னும் பச்சை மண். சென்னையில் ‘ரூட்டுத் தல’ என்று பட்டாக்கத்தியைத் தூக்கிக்கொண்டு பஸ் கூரையில் ஆடிய பையன்களில் எத்தனை பேர் பிற்பாடு வெட்கித் தலைகுனிந்து, கௌரவமாகப் பிழைக்கிறார்கள்! வெட்டுக்காயத்தோடு தப்பியவனும் பிழைத்தான். வெட்டியவனும் கொலைகாரனாகாமல் பிழைத்தான். பரீட்சையில் தவறியோ காதலில் தோற்றோ மனமுடைந்த பிள்ளையும் அப்படித்தான். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஓர் இரவைக் கடத்திவிட்டால், விடிந்ததும் அவன் வேறு மனிதன். கைக்கெட்டிய தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அந்த ஓர் இரவு அவனுக்குக் கிடைக்காது.

நம் சட்டத்துக்கு இந்த விவேகம் உண்டு. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாகாது. இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு உரிமம் இல்லை. தேர்தல் அறிவித்த உடனே உரிமதாரர்கள் தத்தம் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று கலெக்டர் உத்தரவிடுவதை நம்மில் மிராசுதார்கள் அறிவார்கள். மனிதர்களுக்கு ரத்தம் சூடேறும் காலத்தில் ஆயுதம் கைக்கெட்டாதிருப்பது நல்லது என்பதைத் தவிர அதற்கு வேறு தாத்பரியம் என்ன? வளர்ந்தவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஏறும் அந்தச் சூடு, கலாசாலையில் வருஷம் முழுவதும் அல்லவா இருக்கிறது!

என்.சி.சி.யைச் சொல்லி எங்களை மடக்கியவர்களும் உண்டு. சீன யுத்தத்தை அடுத்து, 1963 முதல் சில ஆண்டுகள் அது கல்லூரிகளில் கட்டாயமாகவே இருந்ததே, அப்போது பையன்கள் துப்பாக்கி பிடிக்கவில்லையா என்கிறார்கள். பிடித்தோம். ஹவில்தாரின் அதட்டலுக்கு நடுவே தரையில் கவிழ்ந்து படுத்து, எண்ணிக் கொடுத்த தோட்டாக்களைச் சுட்டு, காலித் தோட்டாவை எண்ணித் திருப்பிக் கொடுத்து, துப்பாக்கியைப் பூட்டுக்குள் வைத்த பிறகுதான் எங்களுக்குப் பூரி கிழங்கு கிடைக்கும். உண்மையைச் சொன்னால், அந்தப் பூரி கிழங்குக்காகவே தவறாமல் ஆஜரானவர்கள் எங்களில் பலர். பூட்டும் எண்ணிக்கையும் மேற்பார்வையும் அப்படி இருந்ததால்தான் எங்கள் தகப்பனார்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஆகையால் எங்கள் வேண்டுகோள் இதுதான். பெற்றோர் கூட்டங்களுக்குப் போகிறவர்கள், ஆயுதக் காவலைக் கேட்பதற்கு முன், விடுதிக்குப் போகும் வழியில் எத்தனை விளக்கு எரிகிறது, அந்நியனை நிறுத்தி யாரென்று கேட்க வாசலில் உண்மையாகவே ஆள் இருக்கிறாரா, மாலைப் பஸ் நேரத்துக்கு வருகிறதா, பெண்களுக்குப் பாலியல் தொல்லை நேராமல் தடுக்க வந்த 2013-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லும் புகார்க் குழுவில் யார் யார் உறுப்பினர் என்பவற்றைக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் ஓர் அந்நியன் இருட்டில் தடையின்றி நடமாட முடிந்தது; அந்த ஓட்டையைத் துப்பாக்கியால் அடைக்க முடியாது. காட்டுப்பன்றிக்காகவோ குலப்பெருமைக்காகவோ வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், தோட்டாவை வேறிடத்திலும் ஆயுதத்தை வேறிடத்திலும் பூட்டி, சாவியைப் பிள்ளை அறியாத இடத்தில் வையுங்கள். பிள்ளையைக் கல்லூரியில் விடப்போகும் காரில் அது இருக்க வேண்டாம். தம்பிமார்களே, துப்பாக்கியைப் பிடித்தபடி ரீல்ஸ் போடுவதை நிறுத்துங்கள். கடன் வாங்கிய துப்பாக்கி என்றாலும், பொம்மைத் துப்பாக்கி என்றாலும்கூட. சர்க்காருக்கும் போலீஸ் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை: மாணவர் கலகம் எழுந்தால் வாருங்கள், வேடிக்கை பார்க்க வராதீர்கள், சுடவும் வராதீர்கள்.

எதிர்வரும் ஜனவரி 27-ஆம் தேதி காலையில் எங்களில் சிலர் விருத்தாசலம் போய், அங்கிருந்து சிதம்பரம் பஸ் ஏறி, அண்ணாமலை நகரில் ராஜேந்திரன் சிலைக்கு ஒரு மாலை போட்டுவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுவதாக உத்தேசம். கொடியும் கோஷமும் கிடையாது. பஸ் சார்ஜ் அவரவருடையது. கல்லூரியில் படிக்கும் பிள்ளையுள்ளவர்கள் அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தால் சந்தோஷப்படுவோம்.

இங்ஙனம்,
மங்கலம்பேட்டை வட்டாரத்துப் பெற்றோர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பீங்கான் தொழிலாளர் சிலர்