விலைச்சீட்டின் அருகே எழும் கேள்வி

யாழ்ப்பாண நகரின் நவீன சந்தையிலோ, திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைகளை அண்டிய கடைகளிலோ, விலை ஒட்டப்பட்ட பொருளைக் கையில் வைத்துக்கொண்டே "அண்ணை, இது என்ன விலை?" என்று கேட்கும் வாடிக்கையாளரை எந்நாளும் காணலாம். இதனை அசட்டை என்று கொள்வது, பள்ளிக்கூடங்களைத் தன் பெருமையாகக் கருதும் ஒரு சமூகத்தின்மீது சுமத்தப்படும் தவறான பழியாகும்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலும், யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி 2006 ஆகஸ்ட் மாதத்தில் மூடப்பட்ட பின்னரும், குடாநாட்டில் ஒரு பொருள் என்ன விலைக்குப் போகும் என்பதை அன்றன்றைய கையிருப்பும் கடைக்காரரின் வாய்ச்சொல்லுமே தீர்மானித்தன. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியபோது, நேற்று எழுதிய விலை இன்றைக்குச் செல்லாது என்பதை மக்கள் மறுபடியும் அனுபவித்தனர். விலைகளைக் கடையில் காட்சிப்படுத்துமாறு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வணிகரைப் பணித்துள்ளது. எனினும், இத்தகைய காலங்களைக் கடந்து வந்தவர் சீட்டை வாசித்த பின்னரும், அந்த விலைக்குப் பொறுப்பேற்கும் ஒருவரின் குரலைக் கேட்க விரும்புவது இயல்பே.

அறிவித்தல்களின் மொழியும் வாசகருக்கு உதவுவதாயில்லை. பண்டிகைக் காலத் துணிக்கடைகளில் '50% வரை விலைக்கழிவு' என்னும் பதாகையில் எண் ஆளுயரத்துக்கும் 'வரை' என்னும் சொல் விரலளவிலும் எழுதப்படுகின்றன. கழிவு என்பது விலையில் குறைத்துத் தரப்படும் தொகை. அதன் உச்சவரம்பைக் குறிக்கும் சொல் தமிழில் எண்ணுக்குப் பின்னரே வருவதால், எண்ணில் நின்றுவிடும் கண் அதனை எட்டுவதில்லை. எதிர்மறையும் அவ்வாறே வாக்கியத்தின் இறுதியில் அமைகிறது: 'விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டா' என்பதைப் பாதியில் விடுபவருக்கு மறுப்பே தெரியாது போகும். பேச்சில் 'வித்த சாமானைத் திருப்பி எடுக்கமாட்டம்' என்று நேராகச் சொல்லக்கூடியதைச் செயப்பாட்டுவினையில், அதாவது செய்பவரை மறைக்கும் வினைவடிவில், எழுதும்போது, அது தனக்குச் சொல்லப்பட்டதென்ற உணர்வும் குன்றுகிறது.

கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று எழுதிவைக்க நேர்ந்தால் குறை கதவின் அமைப்பிலேயே உள்ளது என, 1988இல் வெளிவந்த நூலில் டொனால்ட் நோர்மன் என்னும் அமெரிக்க அறிஞர் வாதிட்டார். அறிவித்தல் வைக்கப்படும் இடத்துக்கும் இவ்வாதம் பொருந்தும். 2025 நவம்பர் 1 முதல் இலங்கையில் சொப்பின் பைகளை, அதாவது கைப்பிடியுள்ள பொலித்தீன் பைகளை, இலவசமாக வழங்குவது தடைசெய்யப்பட்டது. பைக்குப் பணம் அறவிடப்படும் என்ற அறிவித்தல் காசாளரின் மேசையில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தால், அரிசியும் பருப்பும் மேசைக்கு ஏறி, பின்னால் வரிசையும் நீண்ட பின்னரே வாடிக்கையாளர் அதனைக் காண்பார். அப்போது கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அதே அறிவித்தல் சைக்கிள் நிறுத்துமிடத்தில், 'பை கொண்டு வந்தனீங்களா?' என்ற கேள்வியாக எழுதப்பட்டிருந்தால், சைக்கிளின் கைப்பிடியில் தொங்கும் பனையோலைப் பையை அவர் கழற்றி எடுத்துக்கொண்டே உள்ளே வருவார்.