விறகு சுமந்த மாணவர்

திருவிழாக் காலம் வந்துவிட்டால் நம் இளைஞர்க்குத் தொண்டு செய்யும் ஆவல் பிறந்துவிடுகிறது. தண்ணீர்ப் பந்தலிலும் அன்னதான மடத்திலும் தொண்டர் சின்னம் அணிந்து ஓடியாடி உழைக்கின்றனர். நன்று. ஆயினும், கொடியிறங்கிய மறுநாள் அவர்கள் எங்கே எனக் கேட்பின் விடை கூறுவார் அரியர். ஆகவே இவ்வாரம் ஒரு மாணவரின் வரலாற்றைக் கூற விரும்புகிறேன். அவர் நம் நாட்டினர் அல்லர். என் சமயத்தினரும் அல்லர்.

பிரெடெரிக் ஓசானாம் 1813 இல் மிலான் நகரிற் பிறந்து லியோன் நகரில் வளர்ந்தவர். பிரெஞ்சு வைத்தியர் ஒருவரின் மைந்தர். 1831 இல் சட்டம் பயிலப் பாரிஸ் சென்றார். அங்கே அம்பேர் என்னும் விஞ்ஞானியின் இல்லத்திலே தங்க இடம் வாய்த்தது. (மின்னோட்டத்தை அளக்கும் அலகுக்குத் தம் பெயரை ஈந்த அதே அம்பேர்தான்.) 1832 இல் வாந்திபேதி அந்நகரில் ஏறத்தாழ 18,000 உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. நெருக்கமான ஒழுங்கைகளில் வாழ்ந்த ஏழைகளே மிகுதியும் மாண்டனர்.

அக்காலத்துப் பாரிஸ் மாணவரிடையே சமயத்தை எள்ளுவது நாகரிகமாயிருந்தது. விவாதக் கூட்டங்களில் ஓசானாம் தம் சமயத்தின் பழஞ் சிறப்பை எடுத்துரைப்பார். பழஞ் சிறப்பு இருக்கட்டும், இன்று உங்கள் திருச்சபை ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று ஒருநாள் எதிரணியினர் மடக்கினர். பழம் பெருமை பேசுவதில் நாமும் எவருக்கும் இளைத்தவரல்லேம். அக்கேள்வி நம்மையும் சுடத்தான் செய்கிறது. மறுவாதத்துக்கு அவர் நூல்களைத் தேடவில்லை. அவரும் தோழர் ஒருவரும் தம் அறையில் எஞ்சிக் கிடந்த குளிர்கால விறகைச் சுமந்து சென்று ஓர் ஏழைக்குக் கொடுத்தனர் என்பர்.

1833 ஏப்ரல் 23, அவருக்கு இருபது வயது நிறைந்த நாள். அன்று ஓசானாம் உள்ளிட்ட மாணவர் சிலரும், வயதில் மூத்த பத்திரிகையாசிரியர் ஒருவரும் ஒன்றுகூடினர். அக்கூட்டமே பின்னர் புனித வின்சென்ட் டி போல் சபை எனப் பெயர் பெற்றது.

ஆர்வம் இருந்தது, வழி தெரியவில்லை. பாரிஸின் வறிய பகுதியொன்றிலே நெடுங்காலம் பணிபுரிந்த ரோசலி ரெண்டு என்னும் துறவுச் சகோதரி வழிகாட்டினார். உதவி வேண்டும் குடும்பங்களின் விலாசங்களையும், உணவு பெறுதற்குரிய சீட்டுகளையும் தந்து அனுப்பினார். ஏழைகளைத் தம்மிடம் வரவழைத்து வரிசையில் நிறுத்தாமல், இவர்களே அவர் வீடு தேடிச் சென்றனர். சென்று, அமர்ந்து, பேசினர். மீண்டும் சென்றனர். கூட்டத்திலே பணம் சேர்க்கும் முறையும் நுட்பமானது. பை ஒன்று கைமாறிச் செல்லும். யார் எவ்வளவு இட்டார் என்பது அடுத்திருப்பவருக்கும் தெரியாது. நன்கொடையாளர் பெயரை ஒலிபெருக்கியில் மும்முறை முழக்கும் நம் விழாக்களை இங்கே நினையாதிருக்க முடியவில்லை.

நம் நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளிலும் இச்சபை உண்டு. சைவர்க்கு இந்நெறி புதிதன்று. உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய அப்பரே, திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தரோடு கூடி அடியார்க்கு அமுதளித்தார் எனப் பெரியபுராணம் கூறும். முற்றத்துப் பணியை வைத்துக்கொண்டோம். மற்றதைப் படத்தோடு விட்டுவிட்டோம்.

இன்று மாணவர் பலர் தொண்டுக்கு முன்பே சான்றிதழ் கிடைக்குமா என வினவுகின்றனர். அவர்களைக் கடிதல் முறையன்று. சான்றிதழைக் கேட்கும் உலகை அமைத்தவர் நாம். ஆயினும், உங்கள் ஒழுங்கையிலே மக்களெல்லாரும் கடல் கடந்து போய்விடத் தனித்திருக்கும் ஆச்சி ஒருவர் இருப்பார். அவருக்கு மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்லவும், கிளினிக்குக்குத் துணை போகவும் ஓர் ஆள் வேண்டும். அதற்கு எவரும் சான்றிதழ் வழங்கார். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். ஆனால் வாராவாரம் போதல் வேண்டும். ஒருமுறை சென்று படம் பிடித்து மீள்வதினும், போகாதிருத்தலே அவருக்கு நலம்.

படிப்புக் கெட்டுவிடுமே எனப் பெற்றோர் அஞ்சுவர். ஓசானாம் 1836 இல் சட்டத்திலும் 1839 இல் இலக்கியத்திலும் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1844 இல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1853 இல் நாற்பதாம் வயதில் இறந்தார்.