கணக்குக்குப் போட்ட பூட்டு



பழைய கம்ப்யூட்டரில், பழைய பில்லிங் சாஃப்ட்வேரில் கணக்கு வைத்திருக்கும் கடைகள் நம் கோட்டக்குப்பம், திண்டிவனம், விழுப்புரம் பக்கங்களில் இன்னும் சில உண்டு. அந்தக் கம்ப்யூட்டரின் பின்புறம், பிரிண்டர் கேபிள் சொருகும் போர்ட்டில், தீப்பெட்டி போல ஒரு சிறு பிளாஸ்டிக் கட்டி இருக்கும். அதை 'லாக்' என்போம். 'டாங்கிள்' என்பாரும் உண்டு. அது வேலை செய்யாவிட்டால் சாஃப்ட்வேர் திறக்காது. சாஃப்ட்வேர் திறக்காவிட்டால் யார் எவ்வளவு பாக்கி என்பதே தெரியாது.

இது தோன்றிய காரணம் நியாயமானதுதான். ஒருவர் வாங்கிய ஃப்ளாப்பியை நூறு பேர் காப்பி எடுத்தால் சாஃப்ட்வேர் எழுதியவர் எப்படிப் பிழைப்பார்? ஆகவே 1980களில் அமெரிக்காவின் ரெயின்போ, இஸ்ரேலின் அலாடின் போன்ற நிறுவனங்கள் இந்தப் பூட்டைச் செய்து விற்றன. சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்கும். பூட்டுக்குள் இருக்கும் சிப் சரியான பதில் தர வேண்டும். அவ்வளவுதான்.

பதில் வராவிட்டால் 'லாக் போய்விட்டது' என்று உடனே முடிவு கட்டிப் புது லாக்குக்குப் பணம் கட்டுகிறோம். அவசரப்பட வேண்டாம். 'பிரிண்டர் நன்றாக அடிக்கிறதே, போர்ட் சரிதானே' என்பதும் சரியான வாதமல்ல. 25 பின் கொண்ட அந்தப் போர்ட்டில் 8 கம்பிகள் தகவலை வெளியே அனுப்புகின்றன. 5 கம்பிகள் பதிலை உள்ளே கொண்டு வருகின்றன. லாக் பதில் சொல்லும் கம்பி கெட்டிருந்தாலும் பிரிண்டர் அடித்துக்கொண்டே இருக்கக்கூடும்.

முதலில் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் அணையுங்கள். கரண்ட் ஓடும்போது இந்தப் போர்ட்டில் எதையும் கழற்றவோ மாட்டவோ கூடாது. பிரிண்டர் கேபிளை எடுத்துவிட்டு லாக்கை மட்டும் மாட்டிப் பாருங்கள். திறந்தால் குறை கேபிளிலோ பிரிண்டரிலோ இருக்கிறது. பல லாக்குகள் தமக்கு வேண்டிய சிறு மின்சாரத்தைப் போர்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அணைத்து வைத்த பிரிண்டர் கேபிளோடு இணைந்திருந்தால் அதை இழுத்துவிடுவதுண்டு. பிரிண்டரை ஆன் செய்தவுடன் லாக் வேலை செய்வது இதனால்தான்.

அடுத்து பின்களைப் பாருங்கள். நம் கடற்கரை உப்புக் காற்றில் களிம்பு ஏறும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, இரண்டு பக்க ஸ்க்ரூவையும் முடுக்குங்கள்.

கம்ப்யூட்டரில் தேதி தவறாகக் காட்டுகிறதா? அப்படியானால் உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் பயாஸ் செட்டிங் பழைய நிலைக்குப் போய்விடும். பிரிண்டர் போர்ட்டின் முறையோ முகவரியோ மாறிவிடும். சில ரூபாய் பேட்டரிக்காகச் சில ஆயிரம் ரூபாய் லாக் வாங்கலாமா?

புதுக் கம்ப்யூட்டருக்கு மாறுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யு.எஸ்.பி.யிலிருந்து பிரிண்டர் போர்ட்டாக மாற்றும் மலிவு கேபிளில் பிரிண்டர் ஓடும். பழைய லாக் பெரும்பாலும் ஓடாது. வாங்குமுன் சோதித்துப் பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் லாக் திறக்காவிட்டால் என்ன செய்வது? என் ஆதங்கம் இங்கேதான். திருட்டு காப்பி வைத்திருப்பவருக்கு லாக்கும் இல்லை, தொல்லையும் இல்லை. காசு கொடுத்து வாங்கியவர்தான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு விழிக்கிறார். விற்றவர் தொழிலை விட்டுப் போயிருப்பார். பூட்டு செய்த ரெயின்போவும் அலாடினும்கூடப் பல கை மாறி, 2019 முதல் பிரான்சின் தேல்ஸ் நிறுவனத்திடம் இருக்கின்றன. ஆனால் ஜி.எஸ்.டி. சட்டம் நமக்காகக் காத்திருக்காது. ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காப்பாற்ற வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குக்கு மீட்டெடுக்கக்கூடிய காப்பியும் வைத்திருக்க வேண்டும். 'லாக் போய்விட்டது' என்ற பதிலை எந்த அதிகாரி ஏற்பார்?

பூட்டை உடைக்கச் சொல்லவில்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதை நம் பதிப்புரிமைச் சட்டம் 2012 திருத்தத்தின்படி தண்டிக்கிறது. அதே சட்டம், முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காகக் காப்பி எடுத்துக்கொள்வதையும் அனுமதிக்கிறது. லாக் பழுதாகி, அந்த லாக்கே வழக்கொழிந்து போயிருந்தால் அதைத் தாண்டிச் செல்லலாம் என்று அமெரிக்காவில் 2003-ல் விலக்கு அளித்தார்கள். அப்படித் தெளிவான ஒரு விதி நம் நாட்டிலும் வேண்டுமென்று வணிகர் அமைப்புகள் கேட்க வேண்டும்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். சாஃப்ட்வேர் வாங்கும்போதே, லாக் கெட்டால் எத்தனை நாளில், என்ன விலையில் மாற்றித் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். மார்ச் 31 முடிந்ததும் லெட்ஜரையும் பாக்கிப் பட்டியலையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் ஃபைலாக எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஒரு பிரதி காகிதத்திலும் இருக்கட்டும். பிரிண்டர் போர்ட் உள்ள, ஓடும் நிலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைத்தால், யாருடைய லாக்கையும் அங்கே மாட்டி ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். பெரிய செலவல்ல; நிர்வாகிகள் கவனிக்க வேண்டுகிறேன்.

சாஃப்ட்வேர் அவர்களுடைய சரக்கு. அதற்குப் பூட்டுப் போடட்டும். அதற்குள் நாம் எழுதிய கணக்கு நம்முடைய உழைப்பு. அதன் சாவி நம் கல்லாப்பெட்டியில்தான் இருக்க வேண்டும்.